பாட்டுக்குப் படம் தெரியாது

கேள்வி இதுதான்: "'ப்ளூ வெல்வெட்', 'பல்ப் ஃபிக்‌ஷன்' மாதிரியான கல்ட் படங்களில் ஏன் ஐம்பதுகள், அறுபதுகளின் பாப் பாட்டும் ராக் அண்ட் ரோலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன? ஒருவனைப் போட்டு அடிக்கும் காட்சிக்கு அவ்வளவு இனிப்பான பாட்டு எதற்கு? வெறும் பழைய நினைவுப் பாசம்தானா? எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?"

(கல்ட் படம் என்றால் ஊரே பார்க்காவிட்டாலும் ஒரு சிறு கூட்டம் விடாமல் கொண்டாடும் படம்.) கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். பழைய நினைவுப் பாசமா என்றால், கொஞ்சம் உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் இந்தப் படங்களின் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

நாம் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். நமக்குப் பாட்டு என்பது காட்சிக்காகப் பிறப்பது. இயக்குநர் சிச்சுவேஷன் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் அதற்குள் வார்த்தையை உட்கார வைப்பார். கதாநாயகி அழுதால் பாட்டும் அழும். நீங்கள் கேட்கும் படங்களில் நடப்பது இதற்குத் தலைகீழ். பாட்டு எப்போதோ பிறந்து, ரேடியோவில் ஓடி, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் தேய்ந்து, கல்யாண விருந்துகளில் ஆடப்பட்டு, பாதி மறக்கப்பட்டும் போயிருக்கும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் காதலனைப் பற்றி உருகிப் பாடியிருப்பாள். இருபது வருடம் கழித்து ஒருவன் அதைத் தன் படத்தில் போடுகிறான். இங்கே யார் யாரைக் குத்தப்போகிறார்கள் என்பது அந்தப் பாட்டுக்குத் தெரியாது. காட்சி எவ்வளவு கோரமாகப் போனாலும் அது பாட்டுக்கு ஊவா ஊவா என்று பாடிக்கொண்டிருக்கும். இயக்குநருக்கு வேண்டியது அந்தத் தெரியாமைதான்.

வரலாற்றை வழக்கமாக 1955-இல் தொடங்குவார்கள். 'ப்ளாக்போர்ட் ஜங்கிள்' என்று, அடங்காத பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய படம். டைட்டிலில் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த க்ளாக்'. 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் பதிவாகி, ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியாகி, பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த பாட்டு அது. கதாநாயகன் க்ளென் ஃபோர்டின் சின்னப் பையன் வீட்டில் வைத்திருந்த இசைத்தட்டுகளிலிருந்துதான் அது படத்துக்குப் போனது என்பார்கள். படம் வந்தபின் அந்தக் கோடையில் அமெரிக்காவில் 8 வாரம் முதலிடம். உடனே ஸ்டுடியோக்கள் விழித்துக்கொண்டு, பாடகர்களையே திரையில் நிறுத்திப் பாடவைக்கும் படங்களை வரிசையாக எடுத்தன. அவற்றில் பாட்டு ஒரு நிகழ்ச்சி மாதிரி வரும், போகும். நாம் பேசும் விஷயம் அது இல்லை.

நாம் பேசும் விஷயத்தைத் தொடங்கிவைத்தவர் கென்னத் ஆங்கர் என்ற அமெரிக்கக் குறும்பட இயக்குநர். 1963-இல் அவர் எடுத்த 'ஸ்கார்பியோ ரைசிங்' அரைமணி நேரம்கூட ஓடாது. வசனம் கிடையாது. 13 பாப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், அவ்வளவுதான். ப்ரூக்ளினில் மோட்டார் சைக்கிள் கோஷ்டி ஒன்று. வண்டியைத் துடைக்கிறார்கள், உடுத்திக்கொள்கிறார்கள், கூத்தடிக்கிறார்கள், பந்தயம் ஓட்டுகிறார்கள். இளைஞர்கள் ஜீன்ஸ் மாட்டி, தோல் ஜாக்கெட் போட்டு, சங்கிலி அணிந்து தயாராகும் இடத்தில் பாபி விண்ட்டன் 'ப்ளூ வெல்வெட்' பாடுகிறார். அவர் பாடுவது நீல வெல்வெட் உடுத்திய ஒரு பெண்ணைப் பற்றி. திரையில் இருப்பதோ ஆண்களின் தோளும் இடுப்பும் பெல்ட்டும். பாட்டில் ஒரு சொல்லைக்கூட ஆங்கர் மாற்றவில்லை. குடும்பத்தோடு ரேடியோவில் கேட்ட பாட்டு, அந்தக் காலத்தில் வெளியே பேச முடியாத ஓர் ஆசையைப் பற்றிய பாட்டாகிவிட்டது.

இன்னோர் இடம். 'ஹி'ஸ் எ ரெபெல்' என்ற பாட்டு, ஊர் ஒத்துக்கொள்ளாத ஒரு முரட்டுப் பையனைக் காதலிக்கும் பெண் பாடுவது. அதன் மேல் ஆங்கர் வெட்டி ஒட்டியது இயேசு சீடர்களோடு நடந்துபோகும் காட்சியை. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்ட ஒரு பக்திப் படம், அதன் சுருள் விலாசம் தவறித் தன் வீட்டு வாசலுக்கு வந்துசேர்ந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தையும் அந்த வருடங்களின் ரேடியோ பாட்டையும் பைக் கோஷ்டியையும் ஒன்றாகக் கட்டியதில், யார் கலகக்காரன், யார் பின்னால் யார் போகிறார்கள் என்பதெல்லாம் குழம்பிப்போகிறது. (இடையில் ஒரு செய்தி: தட்டின் மேல் 'த க்ரிஸ்டல்ஸ்' என்று பெயர் போட்டிருந்தாலும் அதைப் பாடியது டார்லீன் லவ்தான். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பெயரை மாற்றி ஒட்டிவிட்டார். பாட்டுக்கு வேறு முகத்தைப் பொருத்தும் வேலையைச் சினிமாவுக்கு முன்பே இசைத்தட்டுக் கம்பெனிகள் செய்துகொண்டுதான் இருந்தன.)

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கர் போட்டபோது இவை பழைய பாட்டுகளே அல்ல. விண்ட்டனின் 'ப்ளூ வெல்வெட்' முதலிடத்தைப் பிடித்ததே அதே 1963 செப்டம்பரில். நாம் இன்று 'விண்டேஜ்' என்று தடவிக்கொடுப்பது அவருக்கு அந்த மாதத்து ரேடியோ. அதனால்தான் நினைவுப் பாசம் என்ற பதில் எனக்குப் போதவில்லை.

பத்து வருடம் கழித்து, 1973-இல், இந்த ஊற்று இரண்டு வாய்க்காலாகப் பிரிகிறது.

ஒன்று மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்'. ஆங்கரின் படம் தன்னை எப்படிப் பாதித்தது என்று ஸ்கார்செஸி பலமுறை சொல்லியிருக்கிறார். படத்தின் தொடக்கம்: இருட்டறையில் ஒருவன் திடுக்கிட்டு எழுகிறான், கண்ணாடியில் முகம் பார்க்கிறான், திரும்பப் படுக்கிறான். தலை தலையணையில் விழும் அந்த நொடியை மூன்று வெட்டாக வெட்டி, அதோடு சேர்த்து 'பி மை பேபி'யின் டிரம்ஸ் விழுகிறது. ஹால் ப்ளெய்ன் அடித்தது. டும், ட-டும், டக். 1963-இல் ரோனெட்ஸ் பாடிய பாட்டு. நியூயார்க்கின் லிட்டில் இத்தாலியில் வளர்ந்த ஸ்கார்செஸிக்கு இவை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும் மதுக்கடை ஜூக்பாக்ஸிலிருந்தும் தெருவில் வழிந்தவை. அவருடைய ரவுடிகள் அந்தப் பாட்டுகளுக்குள்தான் வசிக்கிறார்கள். பின்னாளில் 'குட்ஃபெல்லாஸ்' எடுத்தபோது தனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டார்: காட்சி நடக்கும் வருடத்தில் காதில் விழுந்திருக்கக்கூடிய பாட்டுதான் வரலாம், அதற்குப் பிந்தையது வரக்கூடாது. 'லேலா' என்ற பாட்டின் பியானோப் பகுதியைப் படப்பிடிப்புத் தளத்திலேயே ஓடவிட்டு, பிணங்கள் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கப்படும் காட்சியில் கேமராவை அதன் நடைக்கு நகர்த்தினார்.

இன்னொன்று ஜார்ஜ் லூகாஸின் 'அமெரிக்கன் கிராஃபிட்டி'. பெருவெற்றி பெற்ற படம், கல்ட் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஒலி விஷயத்தில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1962-இல் ஒரே ஓர் இரவு, கலிஃபோர்னியாவில் ஒரு சிற்றூர், பையன்கள் கார்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள், எல்லாக் கார் ரேடியோவிலும் ஒரே நிலையம். அதோடு வெளிவந்த இரட்டை இசைத்தட்டில் மட்டும் 41 பாட்டுகள். எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாப் பாட்டுக்கும் ஒரே சீரான தொகை என்ற பேரத்துக்கு அவருடைய கம்பெனி ஒத்துவரவில்லை.

இத்தனை பாட்டையும் ஸ்டுடியோத் தரத்தில் நேராகக் காதில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். ஒலியமைப்பாளர் வால்ட்டர் மர்ச் என்ன செய்தார் என்றால், பாட்டுகளை ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டார். ஒருவர் ஸ்பீக்கரை இப்படியும் அப்படியும் அசைக்க, எதிரே கொஞ்ச தூரத்தில் இன்னொருவர் மைக்கை அசைக்க, சுவரில் மோதிக் காற்றில் கலைந்து வருவதைத் திரும்பப் பதிவு செய்தார்கள். ஸ்பீக்கரை அசைத்தவர் லூகாஸேதான், மைக் மர்ச் கையில். பிறகு ஒலிக்கலவையில் சுத்தமான பாட்டு ஒரு பக்கம், இந்தக் கலைந்த பாட்டு ஒரு பக்கம். பேச்சு முக்கியமான இடத்தில் பாட்டைக் கேமராவில் பின்னணியை மங்கலாக்குவது போல மங்கலாக்கிவிடலாம். தெருமுனை டீக்கடையில் ஓடும் பாட்டு நம் வீட்டுக்குள் வந்து விழும்போது எப்படியிருக்கும், அதே பதம். படத்தைப் பார்த்தால் பாட்டு எந்தத் திசையிலிருந்து, எத்தனை கார் தள்ளி வருகிறது என்றுகூடத் தோன்றும்.

இப்போது 'ப்ளூ வெல்வெட்' எடுத்த டேவிட் லிஞ்ச். உங்கள் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

'ப்ளூ வெல்வெட்' 1986-இல் வந்தது. ஆங்கர் பயன்படுத்திய அதே விண்ட்டன் பாட்டோடு தொடங்குகிறது: நீல வானம், வெள்ளை வேலி, சிவப்பு ரோஜா, தீயணைப்பு வண்டியில் கையசைக்கும் ஆள். புல்லுக்குத் தண்ணீர் விடும் பெரியவர் திடீரென்று சுருண்டு விழுகிறார். பாட்டு நிற்பதில்லை. கேமரா புல்லுக்குள் இறங்கி அடியில் நெளியும் வண்டுகளைக் காட்டும்போதுதான் அது மெல்ல மங்கி, வேறோர் உறுமல் மேலே வருகிறது. மொத்தப் படமும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் நினைவிருப்பது ராய் ஆர்பிசனின் 'இன் ட்ரீம்ஸ்'. அதுவும் 1963தான். ஆர்பிசன் அதைப் பாதித் தூக்கத்தில் கிடைத்த பாட்டு என்று சொன்னதுண்டு, கேட்டால் நம்பத் தோன்றும். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று எதுவும் திரும்பி வராது. மூன்று நிமிடத்துக்குள் ஒவ்வொரு பகுதியும் முந்தையதைவிட ஒரு படி ஏறி, கடைசியில் குரல் உச்சிக்குப் போய் நிற்கும், பாட்டு முடிந்துவிடும். கனவில் அவளோடு இருந்தேன், விழித்தால் அவள் இல்லை என்பதற்குமேல் பொருள் ஏதுமில்லை.

படத்தில் டென்னிஸ் ஹாப்பர் நடித்த ஃப்ராங்க் என்பவன் மனித மிருகம். அவன் தன் கூட்டாளி ஒருவனை இந்தப் பாட்டுக்கு வாயசைக்கச் சொல்கிறான். டீன் ஸ்டாக்வெல் முகத்தில் பவுடர் அப்பி, கட்டட வேலைக்காரர்கள் தொங்கவிடும் கூண்டு விளக்கை மைக் போலப் பிடித்துக்கொண்டு வாயசைக்கிறார். வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. ஃப்ராங்கின் முகம் கரைகிறது, உதடு தானாக அசைகிறது, அப்புறம் வலி தாங்காதவன்போல் கோணிக்கொள்கிறது. பாட்டு முடியும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை. சற்று நேரம் கழித்து, ஊருக்கு வெளியே, காரில் அதே பாட்டைப் போட்டு, கதாநாயகனின் முகத்துக்கு நேராக அதன் வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு அடிக்கிறான். கார் கூரைமேல் ஒரு பெண் அலுத்துப்போனவள்போல் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

"இனிப்பான பாட்டு எதற்கு" என்று கேட்டீர்களே, இந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள். வழக்கமான பதில், முரண்பாட்டுக்காக என்பது. அழகான பாட்டு, அசிங்கமான காட்சி, இரண்டும் மோதினால் பொறி பறக்கும். அது சரிதான், ஆனால் விளம்பரப் படக்காரரும் அதைச் செய்துவிடுவார். லிஞ்ச் செய்தது வேறு. அந்தப் பாட்டை அந்தப் படத்திலேயே அதிகம் நேசிப்பவன் அந்த மிருகம்தான். மென்மையான பாட்டைக் கேட்டு உருகுகிறவன் மென்மையானவனாக இருப்பான் என்று நாம் வைத்திருக்கும் நம்பிக்கையில்தான் கை வைக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அடி அல்ல, அவன் கண்ணில் தளும்பிய நீர்.

வாயசைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேல்நாட்டு விமர்சகர்கள் இந்தக் காட்சியின் அமானுஷ்யத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்: குரல் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது! நமக்கு அதில் என்ன அதிசயம்? டி.எம்.எஸ். குரலுக்குச் சிவாஜி வாயசைத்ததைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது மிக இயல்பாகத்தான் இருந்தது. பயம் இரண்டாம் தடவைதான் வந்தது. லிஞ்ச் 2001-இல் 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்தில் இதையே இன்னும் ஒரு படி இழுத்தார். நள்ளிரவு அரங்கம் ஒன்றில் அறிவிப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: இங்கே பேண்ட் கிடையாது, எல்லாம் பதிவு செய்தது. அப்புறம் ரெபெக்கா டெல் ரியோ வந்து ஆர்பிசனின் 'க்ரையிங்' பாட்டை ஸ்பானிஷில், துணைக்கருவி எதுவும் இல்லாமல் பாடுகிறார். பார்ப்பவர்கள் அழுகிறார்கள். பாடகி மயங்கி விழுகிறார். குரல் தொடர்ந்து பாடுகிறது. முன்பே சொல்லிவிட்டார்கள், ஆனாலும் ஏமாந்தோம்.

ஆர்பிசனுக்கு 'ப்ளூ வெல்வெட்' முதலில் அதிர்ச்சிதான். தன் மிக அந்தரங்கமான பாட்டை ஒரு ரவுடி வாயில் போட்டுவிட்டார்களே என்று. பிறகு மனம் மாறினார், 1987-இல் அந்தப் பாட்டைப் புதிதாகவும் பதிவு செய்தார். ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தவர், அடுத்த வருடமே ட்ராவலிங் வில்பரிஸ் குழுவில் பாப் டிலன், ஜார்ஜ் ஹாரிசனோடு பாடினார், அந்த டிசம்பரில் இறந்தும் போனார். இன்று 'இன் ட்ரீம்ஸ்' கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கூண்டு விளக்கு இல்லாமல் அது கேட்கும்? எனக்குக் கேட்பதில்லை. இது பாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று நண்பர்களோடு பல தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரே பாட்டு வெவ்வேறு கைகளில் என்ன ஆகிறது என்று பார்க்க 'ப்ளூ மூன்' நல்ல உதாரணம். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மெட்டு, லாரன்ஸ் ஹார்ட் வரிகள், 1934. ஜான் லேண்டிஸ் தன் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) படத்தில் மூன்று பேர் பாடியதை மூன்று இடத்தில் போட்டார். தொடக்கத்தில் விண்ட்டன், மனிதன் எலும்பு முறிய ஓநாயாக மாறும் இடத்தில் சாம் குக், முடிவில் சோகம் அடங்குவதற்குள் தடாலென்று மார்செல்ஸ் குழுவின் பாம்-பப-பாம். இது குறும்பு. ஓநாய்ப் படத்துக்கு நிலாப் பாட்டு, அவ்வளவுதான் யோசனை, ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

ஜிம் ஜார்முஷின் 'மிஸ்டரி டிரெய்ன்' (1989) அதே பாட்டை எடுத்துக்கொண்டு வேறு எங்கோ போகிறது. எல்விஸின் ஊரான மெம்ஃபிஸில் பாழடைந்த ஓட்டல் ஒன்று, ஒரே இரவு, மூன்று கதைகள். யோகோஹாமாவிலிருந்து வந்த ஜோடி, அவளுக்கு எல்விஸ், அவனுக்குக் கார்ல் பெர்க்கின்ஸ், ஓயாத வாக்குவாதம். கணவனை இழந்த இத்தாலியப் பெண். குடித்துவிட்டு வம்பில் மாட்டிய மூவர். ஒரு கதையிலுள்ளவர்களுக்கு மற்றக் கதை தெரியாது. மூன்று கதையிலும் ரேடியோவில் எல்விஸின் 'ப்ளூ மூன்' வருகிறது. 1954-இல் சன் ஸ்டுடியோவில் பதிவானது. பாட்டின் மகிழ்ச்சியான கடைசிப் பகுதியை எல்விஸ் விட்டுவிட்டு, அந்த இடத்தில் பேய் ஊளை மாதிரி ஒரு பொய்க்குரலில் இழுப்பார். அது வரும்போதுதான் நமக்குப் புரிகிறது, இவை மூன்றும் ஒரே நேரம் என்று. பாட்டைக் கடிகாரமாக வைத்துக் கதை கட்டிய படம் எனக்குத் தெரிந்து இதைப்போல் இன்னொன்று இல்லை. ஓட்டல் வரவேற்பில் சிவப்புக் கோட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ். அவருடைய 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ' பாட்டைத்தான் ஐந்து வருடம் முன்பு 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பேரடைஸ்' படத்தில் ஜார்முஷ் ஒரு கேசட் பிளேயரில் ஓடவிட்டார். பாட்டைப் பயன்படுத்தியதோடு விடாமல் பாடியவருக்கு வேலையும் கொடுத்தார் என்பதில் எனக்கு ஜார்முஷ்மேல் தனிப் பிரியம்.

டரன்டினோவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் ஒரே ஒரு பாட்டு. 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) தொடக்கத்தில், சாப்பாட்டுக் கடையில் துப்பாக்கியைத் தூக்கிய கணத்தில் படம் உறைய, டிக் டேலின் 'மிஸிர்லூ' பாய்கிறது. 1962-இல் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்குப் பையன்களுக்காக வாசித்தது. ஆனால் மெட்டு கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டு, தலைப்புக்கு எகிப்துப் பெண் என்று பொருள். டிக் டேலின் தந்தைவழி லெபனான். மாமன்மார் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசித்த வீடு. ஒரே தந்தியில் வாசிக்க முடியுமா என்று ஒரு பையன் கேட்டதற்காக இந்த மெட்டை எடுத்து, வேகத்தைக் கன்னாபின்னாவென்று கூட்டி வாசித்தார் என்பது அவரே சொன்ன கதை.

இதை முதலில் கேட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு பழக்கப்பட்டதாக இருந்தது என்று வெகுநாள் புரியவில்லை. பிறகு பக்கத்து அறையில் அக்கா மகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்த ஒருநாள் பொறி தட்டியது. மாயாமாளவகௌளை! சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். அதே ஸ்வரங்கள்தான், கமகம் மட்டும் இல்லை. பாட்டு வகுப்புக்கு முதல் நாள் போகும் குழந்தைக்கு ஸ-ரி-க-ம சொல்லிக்கொடுக்கும் ராகத்தின் ஸ்வரங்களில்தான் அமெரிக்கக் கொள்ளைக்காரர்கள் சாப்பாட்டுக் கடையைச் சூறையாடுகிறார்கள். டரன்டினோவுக்கோ அலைச்சறுக்கு இசை என்றால் ராக் அண்ட் ரோலாக வாசித்த ஸ்பாகெட்டி வெஸ்டர்ன் (இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் பட) இசை. கடல் படத்தில் எங்கும் இல்லை.

சரி, பணம். இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஒரு பழைய பாட்டைப் படத்தில் போட இரண்டு அனுமதி வேண்டும்: மெட்டும் வரியும் யாருடைய உரிமையோ அவரிடம் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட பதிவு எந்தக் கம்பெனியுடையதோ அதனிடம் ஒன்று. கல்ட் படம் எடுப்பவரிடம் பொதுவாகக் காசு இருக்காது. ஜான் வாட்டர்ஸ் 'பிங்க் ஃப்ளமிங்கோஸ்' (1972) எடுத்தபோது அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. லிட்டில் ரிச்சர்டின் 'த கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' ஓட, பெண் வேடமிட்ட நடிகர் டிவைன் பால்டிமோர் தெருவில் மிடுக்காக நடந்துபோவதும், நிஜமான வழிப்போக்கர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் அப்படி எடுத்ததுதான். 25 வருடம் கழித்து மறுவெளியீடு செய்தபோதுதான் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் காசு கட்டினார்கள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. சார்ல்ஸ் பர்னெட் லாஸ் ஏஞ்சலிஸில் மாணவராக இருந்தபோது வாட்ஸ் பகுதியில் எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' பத்தாயிரம் டாலருக்குள் முடிந்த படம். ப்ளூஸ், ஜாஸ், சோல் என்று கறுப்பின இசையின் ஒரு சின்ன வரலாறே அதன் ஒலித்தடத்தில் இருக்கிறது. அந்த உரிமைகளுக்கு மட்டும் பிற்பாடு ஒன்றரை லட்சம் டாலர் ஆனது. எழுபதுகளில் முடிந்த படம் 2007-இல்தான் முறையாகத் திரையரங்குக்கு வந்தது, அப்போதும் டைனா வாஷிங்டனின் ஒரு பாட்டுக்கு உரிமை கிடைக்காமல் அந்த இடத்தில் அவருடைய வேறு பாட்டைப் போட்டார்கள். அனுமதி கிடைக்காததால் நல்லது நடந்ததும் உண்டு. 'ப்ளூ வெல்வெட்' படத்துக்கு லிஞ்ச் கேட்ட 'சாங் டு த சைரன்' பதிவு கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதிலாக ஆஞ்சலோ படலமென்ட்டி புதிதாக ஒன்று மெட்டமைக்க, ஜூலி க்ரூஸ் பாடினார். லிஞ்சின் தொலைக்காட்சித் தொடரான 'ட்வின் பீக்ஸ்' வரைக்கும் நீண்ட அந்தக் கூட்டு அப்படித் தொடங்கியது.

இரண்டு அனுமதிச் சிக்கல் நமக்கும் இப்போது தெரிந்த விஷயம்தான். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில் 'குணா'வின் 'கண்மணி அன்போடு' வந்தபோது, இசை நிறுவனங்களிடம் உரிமை வாங்கிவிட்டோம் என்றது படக்குழு, என் அனுமதி எங்கே என்று நோட்டீஸ் அனுப்பியது இளையராஜா தரப்பு. வழக்கை விடுங்கள். 1991-இல் காதலுக்காக எழுதிய வரி, குழிக்குள்ளிருந்து நண்பனை மேலே இழுக்கும் கயிற்றோடு சேர்ந்து ஒலித்தபோது தியேட்டரில் எழுந்த சத்தம் நினைவிருக்கிறதா? நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான்.

ஹாங்காங்கில் வொங் கர்-வாய் 1994-இல் எடுத்த 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்தையும் சொல்லிவிடுகிறேன். சிற்றுண்டிக் கடையில் வேலை பார்க்கும் பெண் 'கலிஃபோர்னியா ட்ரீமிங்' பாட்டைத் திரும்பத் திரும்ப, காது கிழிய வைக்கிறாள். சத்தமாக இருந்தால் யோசிக்க வேண்டியதில்லையாம். அறுபதுகளின் கலிஃபோர்னியா அவளுக்குக் கடந்தகாலம் அல்ல, போக நினைக்கும் ஊர். பழைய பாட்டு எதிர்காலத்துக்கு ஏங்க வைக்கும் விசித்திரம் அங்கே நடக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் 'ஸ்கார்பியோ ரைசிங்' முதலில், அரைமணி நேரம்தானே. அப்புறம் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்', அதன்பின் 'ப்ளூ வெல்வெட்'. மனசு கனத்துப் போனால் 'மிஸ்டரி டிரெய்ன்' போடுங்கள், ஆசுவாசமாக இருக்கும். 'பிங்க் ஃப்ளமிங்கோஸ்' மட்டும் வீட்டில் யாரும் இல்லாதபோது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. எல்லாவற்றையும் ஹெட்ஃபோனில் பாருங்கள். டிவி ஸ்பீக்கரில் வால்ட்டர் மர்ச்சின் கொல்லைப்புறம் கேட்காது.

கடைசியாக டெரி ஸ்விகாஃபின் 'கோஸ்ட் வேர்ல்ட்' (2001). அமெரிக்கப் புறநகரில் எதிலும் ஒட்டாத ஒரு பள்ளிப் பெண். படம் தொடங்குவதே அவள் அறையில் டிவியில் ஓடும் 'ஜான் பெஹெசான் ஹோ' பாட்டோடு. 1965-இன் இந்திப் படம் 'கும்நாம்', ஷங்கர்-ஜெய்கிஷன் இசை, முகமது ரஃபி குரல். கண்ணில் முகமூடி கட்டிய பெண்கள் தலையைச் சிலுப்பி ஆட, லக்ஷ்மி சாயா பம்பரமாய்ச் சுழல, மேடையில் டெட் லயன்ஸ் அண்ட் ஹிஸ் கப்ஸ் என்ற பம்பாய் பேண்ட். அமெரிக்காவிலிருந்து கிளம்பிய ராக் அண்ட் ரோல் பம்பாய் வந்து, ஒரு கொலைக் கதைக்குள் புகுந்து, முப்பத்தாறு வருடம் கழித்து ஒரு அமெரிக்கப் பெண்ணின் படுக்கையறைக்குத் திரும்பியிருக்கிறது. அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. சிவப்புப் பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்து ஜன்னல்களில் ஆட்கள் டிவி முன்னால் சிலையாக உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் தலையைச் சிலுப்பிச் சிலுப்பி ஆடுகிறாள்.